நாவலுக்குக் குறியீட்டால் படம் கீறுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சித்திரம் கீறும் சிலர் வார இறுதிகளில் சேர்ந்து, ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ நாவலுக்குப் படங்கள் கீறி வருகிறோம். காட்சிகளை அப்படியே கீறுவதில்லை. கதைக்குள் கிடக்கும் பொருட்களைக் குறியீடுகளாக எடுத்துக் கீறுகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள், படங்களைப் பார்க்க வருகிறவர்கள், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) சித்திர பாடத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாக வாசியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

1. குறியீட்டால படம் கீறுறது எண்டா என்ன? கதைக்குப் படம் போடுறதும் இதுவும் ஒண்டுதானே?

இரண்டும் வேறு. வழமையான கதைப்படம் நடந்ததைக் காட்டும்: தலைவன் கப்பல் தளத்தில் நிற்கிறான், மாலுமிகள் கத்துகிறார்கள், திமிங்கலம் வள்ளத்தை முறிக்கிறது. குறியீட்டுப் படம் அந்த நிகழ்ச்சியின் பாரத்தைச் சுமக்கிற ஒரு பொருளை மட்டும் எடுக்கும். இந்த நாவலின் தலைவன் ஆகாப்புக்கு ஒரு கால் எலும்பால் ஆனது. கப்பல் ஆடும்போது அந்தக் காலை ஊன்றி நிற்பதற்காகத் தளத்துப் பலகையில் அரை அங்குல ஆழத்துக்குத் துளை போட்டிருக்கிறார்கள். ஆளைக் கீறாமல் அந்தத் துளையை மட்டும் கீறினால் அது குறியீட்டுப் படம். ஒரு மனிதனின் பிடிவாதத்துக்காகக் கப்பலையே துளைத்திருக்கிறார்கள் என்பது பார்க்கிறவருக்கு மெல்லப் பிடிபடும்.

இது வெளியிலிருந்து வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். குறுந்தொகையின் 25ஆவது பாட்டு கபிலர் பாடியது. களவில் மணந்த அன்று சாட்சிக்கு யாரும் இல்லை, ஒரு குருகு மட்டும் நின்றது என்கிறாள் தலைவி. தினைத்தாள் போல மெல்லிய பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்ற குருகு. அது சாட்சி சொல்லாது. அதன் கவனமெல்லாம் இரையில். அவளுடைய பயமும், அவனைப் பற்றிய சந்தேகமும், அந்த இடத்தின் தனிமையும் ஒரு பறவையின் காலிலும் கண்ணிலும் வந்து நின்றுவிட்டன. அந்தப் பாட்டுக்குப் படம் கேட்டால் நான் காதலர்களைக் கீற மாட்டேன், குருகைத்தான் கீறுவேன்.

2. எனக்கு மோபி டிக் கதை தெரியாது. சுருக்கமாச் சொல்லுவீங்களா?

1851இல் வந்த அமெரிக்க நாவல். இஸ்மவேல் என்ற இளைஞன் நான்டக்கெட் தீவில் பீக்குவாட் என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் ஏறுகிறான். உடலெல்லாம் பச்சை குத்திய, ஈட்டி எறிவதில் வல்ல தென்கடல் தீவுக்காரன் குயீக்குவெக் அவனுக்குச் சிநேகிதன். கப்பல் தலைவன் ஆகாப், முந்திய பயணம் ஒன்றில் மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கலத்திடம் காலைப் பறிகொடுத்தவன். இப்போது அவனுக்கு இருப்பது திமிங்கலத் தாடை எலும்பில் செய்த கால்.

எண்ணெய்க்காகப் புறப்பட்ட கப்பலை அவன் தன் பழிக்காகத் திருப்புகிறான். கடைசியில் மூன்று நாள் துரத்தல், கப்பல் தாழ்கிறது, இஸ்மவேல் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். 135 அத்தியாயங்களும் ஒரு சிறு பின்னுரையும் கொண்ட புத்தகம் இது.

3. ஏன் இந்தக் கதை? எங்கட ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கதைக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை. திமிங்கலத்துக்கும் ஊருக்கும் இருக்கிறது. துறைமுக வாயிலிலிருந்தே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், வேறு ஊர்களில் வெகுதூரம் போய்த் தேட வேண்டிய பெரிய திமிங்கலங்கள் இங்கே கரைக்குக் கிட்ட வருகின்றன. சுவாமி மலையில் கோணேசர் கோயிலடியில் நின்று பார்த்தாலே, கடல் அடங்கிய சில நாட்களில் அவை ஊதுவது தெரியும். மோபி டிக்கின் இனமான ஸ்பேர்ம் திமிங்கலத்தையே 1980களில் ஆய்வாளர்கள் நம் கடலில் வந்து பாய்க்கப்பலில் இருந்து ஆராய்ந்தார்கள். உலகத்தில் எத்தனையோ ஓவியர்கள் இந்த நாவலுக்குப் படம் போட்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கிடைக்காத வாய்ப்பு நமக்கு வீட்டு வாசலில் இருக்கிறது.

இன்னொரு காரணம், இந்த நாவல் பொருட்களால் நிறைந்தது. கயிறு, பெட்டி, நாணயம், புகைக்குழாய், தொப்பி என்று ஒவ்வொன்றையும் ஆசிரியர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கீறுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

4. முழுப் புத்தகமும் வாசிக்கத்தான் வேணுமா? சுருக்கம் வாசிச்சுட்டுக் கீறினா ஆகாதா?

ஆகாது. சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது பொருட்களைப் பற்றிய பகுதிகள்தான். கதை மிஞ்சும், நமக்கு வேண்டிய சாமான்கள் போய்விடும்.

ஆங்கிலம் கஷ்டமானவர்களுக்கு எங்கள் வழி இது: வாசிக்கக்கூடிய ஒருவர் ஓர் அத்தியாயத்தை வாசித்துத் தமிழில் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே கொப்பியில் குறிப்பார்கள். குறிப்பது கதையை அல்ல. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பொருளின் பெயரும் அத்தியாய எண்ணும், மறுபக்கம் அந்தப் பொருளுக்கு அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது. ‘எலும்புக் கால்: 28, துளையில் ஊன்றி நிற்கிறது. 106, பழுதாகிவிட்டது, தச்சன் புதிது செய்ய வேண்டும். 134, முறிந்து போய்விட்டது.’ இப்படி எழுதிக்கொண்டு போனால் புத்தகம் முடியும்போது உங்கள் படங்களின் பட்டியல் கையில் இருக்கும்.

5. புத்தகத்தில ஆயிரம் பொருள் வருது. எது குறியீடு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

திரும்ப வருகிறதா, வரும்போது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப வந்தும் மாறாத பொருள் பெரும்பாலும் வெறும் தளவாடம். திரும்ப வரும்போது வேறொன்றாக வந்தால் அங்கே நில்லுங்கள்.

குயீக்குவெக்கின் சவப்பெட்டியை எடுப்போம். அவனுக்குக் கடும் காய்ச்சல், இனிப் பிழைக்க மாட்டான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவன் கேட்டபடி கப்பல் தச்சன் அளவெடுத்துப் பெட்டி செய்கிறான். அவனும் அதற்குள் படுத்துப் பார்க்கிறான். பிறகு, கரையில் செய்ய வேண்டிய சிறு கடமை ஒன்று பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது, அதனால் சாகவில்லை என்று சொல்லி எழுந்துவிடுகிறான். பெட்டி வீணாகவில்லை. தன் உடுப்புகளை அதற்குள் வைக்கிறான். ஓய்ந்த நேரங்களில் தன் உடலில் குத்தியிருக்கும் கோலங்களை அதன் மூடியில் செதுக்குகிறான். பிறகு ஒரு நாள் கப்பலின் உயிர்காப்பு மிதவை கடலோடு போகிறது. அதற்குப் பதிலாக இந்தப் பெட்டியை ஆணி அடித்து மூடி, இடுக்குகளை அடைத்து, கீல் பூசித் தொங்கவிடுகிறார்கள். சுற்றிவரப் பிடித்துக்கொள்ள முப்பது கயிறுகள், ஒவ்வொன்றும் மூன்றடி நீளம், நுனியில் முடிச்சு என்று தச்சன் கணக்குப் போடுகிறான். கப்பல் தாழ்ந்த பிறகு சுழியின் நடுவிலிருந்து அந்தப் பெட்டி மேலே வருகிறது. இஸ்மவேல் அதைப் பிடித்துத்தான் உயிர் தப்புகிறான்.

சாவுக்குச் செய்த பெட்டி அலமாரி ஆகி, ஒரு மனிதனின் உடல் எழுத்தைத் தாங்கும் பலகை ஆகி, கடைசியில் இன்னொருவனுக்கு உயிர் ஆகிறது. இதை நாலு படமாகக் கீறுங்கள். நாலிலும் ஒரே கோணம், ஒரே அளவு. பெட்டி மட்டும் மாறட்டும்: வெறும் பலகை, செதுக்கிய மூடி, கீலும் கயிறும், பிறகு நீர். இந்த நாலும் பக்கம் பக்கமாகத் தொங்கினால் நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை. 1851இல் லண்டனில் முதலில் அச்சான பதிப்பில் பின்னுரை விடுபட்டுப் போனது. கதை சொன்னவனே செத்திருந்தால் கதையை யார் சொன்னது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். பெட்டியின் நாலாவது படம் இல்லாத புத்தகத்தைத்தான் அவர்கள் வாசித்தார்கள்.

6. வெள்ளைத் திமிங்கலம் எதைக் குறிக்குது? கடவுளா, பேயா, இயற்கையா? ஒரு முடிவைச் சொல்லுங்கோ.

சொல்ல மாட்டேன், ஏனென்றால் நாவலே அதை முடிக்காமல் விடுகிறது. 99ஆவது அத்தியாயத்தை வாசியுங்கள். மோபி டிக்கை முதலில் காண்பவனுக்குப் பரிசு என்று சொல்லி, ஆகாப் ஒரு பொன் நாணயத்தைப் பாய்மரத்தில் அறைந்து வைத்திருக்கிறான். ஈக்குவடோர் நாட்டு நாணயம். அதில் மூன்று மலைகள்; ஒன்றில் தீ, ஒன்றில் கோபுரம், ஒன்றில் கூவும் சேவல். மேலே ராசி மண்டலத்தின் வளைவு, சூரியன் துலாத்தில் நுழைகிறது. ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். ஆகாப்புக்குக் கோபுரம், தீ, சேவல் மூன்றும் ஆகாப்தான். கப்பலின் துணைத்தலைவர்கள் மூவரில், பக்தியுள்ள ஸ்டார்பக்குக்கு அது கிறிஸ்தவர்களின் திரித்துவம். ஸ்டப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து மேடத்திலிருந்து மீனம் வரை மனித வாழ்க்கையைப் படிக்கிறான். ஃப்ளாஸ்குக்கு அது பதினாறு டொலர், அவன் கணக்கில் இரண்டு சதச் சுருட்டு 960 (சரியாகப் போட்டால் 800தான்). புத்தி பேதலித்த சிறுவன் பிப், நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று சொல்லிக்கொண்டே நிற்கிறான்.

குறியீட்டைப் பற்றி ஒரு பாடம் நடத்தச் சொன்னால் இந்த அத்தியாயத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் தேவையில்லை. நீங்கள் நாணயத்தை நாணயமாகக் கீறுங்கள், மூன்று மலையும் ராசி வளைவும் தெளிவாகத் தெரிய. பார்க்கிறவர் தன்னைத் தானே அதில் கண்டுகொள்வார். திமிங்கலத்துக்கும் அதேதான். அதற்குக் கொம்பு வைத்தாலோ, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டாலோ நீங்கள் ஒருவருடைய கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

வெள்ளை நிறத்தைப் பற்றி 42ஆவது அத்தியாயம் முழுவதும் பேசுகிறது. தூய்மை, அரசு, மணக்கோலம் என்று நல்லவற்றை அடுக்கிவிட்டு, அதே வெள்ளை ஏன் மனிதனை நடுங்க வைக்கிறது என்று கேட்கிறது. திருகோணமலைக்காரருக்கு இது புதிதல்ல. கைம்பெண்ணின் சேலை வெள்ளை, மையித்துக்குப் போர்த்தும் கபன் வெள்ளை, போயா தினத்தில் விகாரைக்குப் போகிறவர்களின் உடை வெள்ளை, முதல் நன்மை வாங்கும் பிள்ளையின் சட்டையும் வெள்ளை. ஒரே தெருவில் இந்த நாலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வெள்ளைக்கு ஒரே ஒரு கருத்து இல்லை என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

7. சரி, வெள்ளையை வெள்ளைத் தாளில எப்பிடிக் கீறுறது?

திமிங்கலத்தைக் கீறாதீர்கள், கடலைக் கீறுங்கள். தாளின் வெள்ளை அப்படியே இருக்கட்டும். சுற்றியுள்ள நீரையும் வானத்தையும் கறுப்பு மையால் கட்டிக்கொண்டு வாருங்கள். உடலின் ஓரத்தை ஒரே கோடாக இழுத்து மூட வேண்டாம். கடலின் கோடுகள் நிற்கிற இடத்தில் திமிங்கலம் தொடங்கட்டும். சில இடங்களில் ஓரம் தொலைந்து நுரையோடு கலந்துவிட்டால் இன்னும் நல்லது, எவ்வளவு பெரிது என்று கண்ணால் அளக்க முடியாமல் போகும். லினோ விரிப்பில் செதுக்கி அச்சடிக்கிறவர்களுக்கு இது இன்னும் இலேசு. செதுக்கி எடுத்த இடமெல்லாம் வெள்ளைதான்.

இதில் பெரிய முன்னோடி அமெரிக்க ஓவியர் ராக்வெல் கென்ட். 1930இல் சிக்காகோவில் மூன்று பாகங்களாக வந்த பதிப்புக்கு அவர் 280 படங்கள் கீறினார். பேனையும் தூரிகையும் மையுமாகக் கீறியவை, ஆனால் பார்த்தால் மரச்செதுக்கு என்றே தோன்றும். அதே ஆண்டு வந்த ஒரு பாகப் பதிப்பின் அட்டையில் கென்ட்டின் பெயர் இருந்தது, மெல்விலின் பெயரை விட்டுவிட்டார்கள். அவருடைய வானத்தைப் பாருங்கள், கறுப்பு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று. பார்த்துவிட்டு மூடி வையுங்கள், திறந்து வைத்துக்கொண்டு கீறினால் அவருடைய கை உங்கள் கைக்குள் வந்துவிடும்.

8. குறியீடுதானே, திமிங்கலம் சரியா இல்லாட்டி என்ன? கற்பனையாக் கீறலாம்தானே?

இதில்தான் நான் விட்டுக்கொடுக்காதவள். பொருள் முதலில் பொருளாக இருக்க வேண்டும். குருகின் கால் தினைத்தாள் போல இருந்தது என்று கபிலர் பார்த்துச் சொன்னதால்தான் அது சாட்சியாக நிற்கிறது. நாவலும் இதையே சொல்கிறது. 55ஆவது அத்தியாயம் முழுக்க, ஓவியர்கள் திமிங்கலத்தை எவ்வளவு பிழையாகக் கீறியிருக்கிறார்கள் என்ற முறைப்பாடுதான். அடுத்த இரண்டு அத்தியாயங்களில் நன்றாகக் கீறியவர்களைப் பாராட்டுகிறது. தனக்குப் படம் போடப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தந்த நாவல் இது.

மோபி டிக், தலையிலிருந்து எண்ணெய் எடுக்கப்பட்ட, குடலில் அம்பர் உண்டாகும் இனம். தலை சதுரமாக, உடலின் மூன்றிலொரு பங்கு அளவுக்கு இருக்கும். கீழ்த்தாடை ஒடுக்கமானது, வெளியே தெரியும் பற்கள் அதில்தான். தலைக்குப் பின்னால் தோல் காய்ந்த பேரீச்சம்பழம் போலச் சுருங்கியிருக்கும். மூச்சுத் துளை தலையின் நுனியில், இடப்பக்கமாக. அதனால் அது ஊதும்போது நீராவி நேரே மேலே போகாது, முன்னுக்கும் இடப்பக்கமாகவும் சாய்ந்து புதர் போல் போகும். நம் கடலில் அதிகம் காண்கிற நீலத்திமிங்கலம் ஊதினால் உயரமாக நேரே எழும்பும். இந்த வித்தியாசம் தெரியாமல் கீறினால், உப்புவெளியில் படகு ஓட்டுகிற தம்பி ஒருவர் வந்து பார்த்த உடனே பிழை சொல்லிவிடுவார்.

முடிந்தால் மார்ச், ஏப்ரலில் தொடங்கும் பருவத்தில், நிலாவெளி, உப்புவெளிப் பக்கமிருந்து திமிங்கலம் பார்க்கப் போகும் படகில் ஒருமுறை போங்கள். விலங்கைத் துரத்தாத படகாகப் பார்த்து ஏறுங்கள். படம் எடுக்கும் கருவியைப் பையில் வைத்துவிட்டு, வால் எழும்பித் தாழும் நேரத்தைக் கண்ணால் மட்டும் பாருங்கள். முழுத் திமிங்கலத்தை நீங்கள் ஒருபோதும் காண மாட்டீர்கள். முதுகு கொஞ்சம், வால் கொஞ்சம், மீதி நீருக்கடியில். அதையே அப்படியே கீறலாம்.

9. எங்கட கோணேசர் மலை, கோட்டைக்குள்ள நிக்கிற மான், கரைவலை எல்லாம் படத்துக்குள்ள கொண்டு வரலாமா?

மானை வெளியே விடுங்கள். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் எனக்கும் பிடித்தவைதான், ஆனால் அவை கதைக்குள் இல்லை. மலையும் அப்படித்தான். பீக்குவாட் நான்டக்கெட் கப்பல். அதற்குப் பின்னால் சுவாமி மலையை வைத்தால் பார்க்கிறவர் கதையை விட்டுவிட்டு ஊரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

கரைவலை வேறு விசயம். 60ஆவது அத்தியாயம் ஈட்டியோடு ஓடும் கயிற்றைப் பற்றியது. முக்கால் அங்குலத்துக்கும் குறைந்த தடிப்பு. தொட்டிக்குள் சுருட்டி வைத்து, வள்ளத்தின் முழு நீளத்துக்கும் இழுத்து, துடுப்புப் போடுகிற ஒவ்வொருவனின் கைக்கும் மேலாகப் போகிறது. ஈட்டி பாய்ந்த நொடியில் அந்தக் கயிறு யாரையும் இழுத்துக்கொண்டு போகலாம். எல்லா மனிதரும் இப்படிக் கயிறுகளுக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள் என்று மெல்வில் முடிக்கிறார். இதைக் கீறுகிறவர் விடியப்புறம் கரைக்குப் போய், கரைவலை இழுக்கிற கைகளைப் பார்க்க வேண்டும். கயிறு உள்ளங்கையில் எங்கே அழுத்துகிறது, பெருவிரல் எப்படி மடிகிறது, குதிகால் மணலில் எவ்வளவு புதைகிறது. அந்தக் கையைக் கொண்டுபோய் அமெரிக்க மாலுமியின் தோளில் பொருத்தினாலும் பொய் இருக்காது. நம் ஊர் படத்துக்குள் இப்படித்தான் வர வேண்டும், கண்ணுக்கும் கைக்கும் பயிற்சியாக.

கதையையே திருகோணமலைக்கு மாற்றி, சம்மாட்டியும் வள்ளமுமாகக் கீறப் போகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முழுதாகச் செய்யுங்கள், அரைவாசி நான்டக்கெட்டும் அரைவாசி நிலாவெளியுமாக வைக்க வேண்டாம்.

10. ஆகாப்பின்ர முகத்தைக் கீறினா நல்லதா, மறைச்சா நல்லதா?

முகத்தில் ஒரு வெண்தழும்பு இருக்கிறது, மின்னல் விழுந்த மரத்தில் பட்டை உரிந்த கோடு மாதிரி என்று நாவல் வர்ணிக்கிறது. ஆசையைத் தூண்டும் முகம்தான். நான் முதுகைத்தான் கீறுவேன், ஏனென்றால் ஆகாப் யார் என்பதை அவன் கைவிடுகிற பொருட்கள் இன்னும் நன்றாகச் சொல்கின்றன.

30ஆவது அத்தியாயத்தில் புகைக்குழாய் இனிச் சுகம் தரவில்லை என்று எரிகிற தணலோடு கடலில் எறிகிறான். 118இல் சூரியனைப் பார்த்து இடம் குறிக்கும் கருவியைத் தளத்தில் போட்டு மிதிக்கிறான். 130இல் ஒரு கடற்பருந்து அவன் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய் வெகுதூரத்தில் போடுகிறது. முதலில் சுகம், பிறகு அறிவு, பிறகு தலையில் இருந்ததும் போய்விட்டது. முதல் இரண்டையும் தானே எறிந்தான், மூன்றாவதை வானம் எடுத்தது. கேள்வி 5இல் சொன்ன பெட்டி மாறி மாறி உயிராகும் வரிசை என்றால், இது ஒவ்வொன்றாகக் குறைந்துபோகும் வரிசை. இந்த இரண்டு வரிசைகளையும் எதிரெதிர்ச் சுவரில் தொங்கவிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

11. மெழுகுவர்த்தி, மணல்கடிகாரம், உடைஞ்ச கண்ணாடி, புறா எல்லாம் போட்டா ஆழமா இருக்குமே?

இருக்காது. அவை எந்தக் கதைக்கும் பொருந்தும், அதனால் எந்தக் கதைக்கும் சொந்தமில்லை. கொப்பியில் இல்லாத பொருள் படத்தில் வரக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்தி மட்டும் இங்கே விதிவிலக்கு. 119ஆவது அத்தியாயத்தில் புயலின் நடுவே மூன்று பாய்மர உச்சிகளிலும் மின்சாரச் சுடர் மெழுகுவர்த்தி போல நின்று எரிகிறது. பெரும் புயல்களில் கப்பல்களில் உண்மையாகவே தோன்றும் ஒளி அது. மெழுகுவர்த்தி வேண்டுமென்றால் மேசையில் வைக்காதீர்கள், பாய்மரத்தைக் கீறி அதன் உச்சியில் ஏற்றுங்கள்.

12. எத்தனை படம் கீற வேணும்? என்ன மை, என்ன தாள்?

கொப்பியில் கிடைத்த வரிசைகளைப் பொறுத்தது. கைக்குப் பழகிய எதிலும் கீறலாம், கணினியிலும் கீறலாம். தாள் மட்டும் மொத்தமானதாக இருக்கட்டும். வாடைக்காற்று மாதங்களில் நம் ஊரில் தாள் ஈரம் இழுத்து மை பரவும். கீறி முடித்ததைச் சுருட்டாமல் இரண்டு மட்டைக்கு நடுவில் வையுங்கள்.

13. குயீக்குவெக்கைப் புத்தகம் காட்டுமிராண்டி எண்டு சொல்லுது. அவரை எப்பிடிக் கீறுறது?

கூர்மையான கேள்வி, இதை ஒரு ஏ.எல். (உயர்தர) மாணவி கேட்டபோது மிகவும் சந்தோசப்பட்டேன். சொல் அந்தக் காலத்துச் சொல். ஆனால் அவன் செய்வதைப் பாருங்கள். தன்னைக் கேலி செய்த ஒருவன் கடலில் விழுந்தபோது, யோசிக்காமல் குதித்துத் தூக்கியவன் அவன். கப்பலில் அவனைவிடக் கண்ணியமான ஆள் கிடையாது. அச்சமூட்டும் முகமாக அவனைக் கீறுவது, இஸ்மவேல் முதல் இரவில் கொண்ட பயத்தோடேயே நின்றுவிடுவது. அந்தப் பயம் அடுத்த நாளே கரைந்துவிடுகிறது.

பச்சை குத்திய கோலத்தில் இன்னொரு கவனம் வேண்டும். அவனுடைய தீவு எந்த வரைபடத்திலும் இல்லாதது என்று நாவல் சொல்கிறது. அப்படியிருக்க, நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய கோலத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டக்கூடாது. அவர்களுக்கு அது குடும்பமும் வம்சமும் சொல்லும் எழுத்து, நமக்கு அலங்காரம் இல்லை. புதிதாக ஒரு கோலத்தை நீங்களே உண்டாக்குங்கள். முதலில் தோளில் கொஞ்சம் தெரியட்டும், பிறகு அதே கோடுகள் பெட்டியின் மூடியில் வரட்டும். கேள்வி 5இன் இரண்டாவது படம் இதனால் இன்னும் கனமாகும்: கடைசியில் இஸ்மவேல் பிடித்து மிதப்பது சிநேகிதனுடைய உடலின் எழுத்தைத்தான்.

14. படத்துக்குக் கீழ விளக்கம் எழுதலாமா? எழுதாட்டி ஆக்களுக்கு விளங்காதே?

அத்தியாய எண் மட்டும் போடுங்கள். ‘இது மனிதனின் அகங்காரத்தைக் குறிக்கிறது’ என்று எழுதிய நிமிடத்தில் பார்க்கிறவர் படத்தை விட்டுவிட்டு எழுத்தை வாசிப்பார்.

விளங்காது என்ற பயம் எனக்கு இல்லை. கதை தெரியாத ஒரு தாய் பெட்டி வரிசையைப் பார்த்துவிட்டு, ‘பிரேதப் பெட்டியில கயிறு கட்டிக் கிடக்கே, ஆரைக் காப்பாத்த?’ என்று கேட்டார். அவருக்கு ஒரு சொல் சொல்லிக் கொடுக்கவில்லை. பொருள் சரியாக இருந்து வரிசை சரியாக இருந்தால் கேள்வி தானாக வரும், அந்தக் கேள்வி வந்தால் போதும்.

15. தமிழ் நாவலுக்கு இப்பிடிச் செய்யேலாதா?

கட்டாயம் செய்யலாம், செய்ய வேண்டும். தமிழில் தொடர்கதைப் படங்கள் பெரும்பாலும் ஆட்களைச் சுற்றியே வளர்ந்தன. 1950களில் ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் வந்தபோது மணியம் கீறிய முகங்கள்தான் இன்றுவரை நம் மனதில் வந்தியத்தேவனும் நந்தினியும். அந்த வேலைக்கு முன்னால் கைகூப்புகிறேன். அதே நாவலில் ஒரு வால்நட்சத்திரம் இருக்கிறது. அரச குடும்பத்தில் ஒருவருக்குக் கேடு என்று ஊரெல்லாம் பேசுகிறது, ஒவ்வொருவரும் அதில் தன் பயத்தையும் தன் ஆசையையும் பார்க்கிறார்கள். கேள்வி 6இன் நாணயத்தை நினைத்துக்கொண்டு அந்த வால்நட்சத்திரத்தை வரிசையாகக் கீறிப் பாருங்கள்.

நம் ஊருக்கும் இதில் உரிமை உண்டு. இலங்கையின் ஆரம்பத் தமிழ் நாவல்களில் ஒன்றான ‘ஊசோன் பாலந்தை கதை’யை 1891இல் எழுதிய இன்னாசித்தம்பி திருகோணமலைக்காரர். 1895இல் ‘மோகனாங்கி’ என்ற வரலாற்று நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊர்தான். மோபி டிக் வேலை முடிந்ததும் ‘மோகனாங்கி’யைக் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்து வாசிப்பதாக இருக்கிறோம்.

16. படங்களை அச்சடிச்சு விக்கலாமா? உரிமைப் பிரச்சினை வராதா?

மெல்வில் இறந்தது 1891இல், மூல நாவலுக்கு இப்போது யாரும் உரிமை கேட்க முடியாது. இலங்கைச் சட்டம் பொதுவாக ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் காப்புத் தருகிறது. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்த்தவரின் தனி உரிமை உண்டு, ஆகவே அதிலிருந்து வரிகளை எடுத்து அட்டையில் போடுவதானால் கேட்டுவிட்டுப் போடுங்கள். கென்ட் 1971இல்தான் இறந்தார். அவர் படத்தைப் பார்த்துக் கற்கலாம், பிரதி எடுத்து விற்கக்கூடாது. நீங்களே கொப்பி எழுதி, நீங்களே பார்த்துக் கீறிய படம் உங்களுடையது. அட்டையில் மெல்விலின் பெயரை மறக்காமல் போடுங்கள்.